பொங்கல் லீவுல கம்பம் திராட்சைத் தோட்டம் போறீங்களா? வருசா வருசம் என்கிட்ட கேக்குற கேள்விகள்

எனக்கு ஊரு மதுரை, நாகமலை புதுக்கோட்டை. அக்காவைக் கட்டிக் குடுத்தது காமயகவுண்டன்பட்டியில, கம்பத்துக்குப் பக்கம். மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தல் இருக்கு. இது தெரிஞ்ச ஆபீஸ்காரங்க, காலேஜ் பயலுக, மாடி வீட்டு அத்தைன்னு அம்புட்டு பேரும் மார்கழி பாதியிலயே போன் போட ஆரம்பிச்சிடுறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதனால மொத்தமா இங்க எழுதிப் போட்டுட்டேன்.

லீவு நாலு நாள்ல எந்த நாள் போனா கூட்டம் கம்மி?

பொங்கல் அன்னிக்குக் காலைல. நம்பவே மாட்டீங்க, ஆனா அதான் நிஜம், ஏன்னா அன்னிக்கு எல்லாரும் வீட்ல பானை வச்சிட்டு இருப்பாங்க, ரோடு காலியா கெடக்கும். மாட்டுப் பொங்கல் மத்தியானத்துக்கு மேல வண்டி ஏற ஆரம்பிக்கும், காணும் பொங்கல்னா கேக்கவே வேணாம், கூடலூர்ல இருந்து சுருளிப்பட்டி திரும்புற வரைக்கும் கார் பின்னால கார் நிக்கும்.

இதுல நம்மாளுங்க பலருக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. பெரும்பாலும் ஜனவரி 14-லதான் மகரவிளக்கு வரும். சபரிமலைக்குப் போன சாமிமாருங்க வண்டியெல்லாம் அன்னிக்கு ராத்திரியில இருந்து குமுளி வழியா இறங்கி இதே கம்பம் ரோட்லதான் வரும். சீசன்ல கூட்டம் தாங்காம போலீஸ் ஒருவழிப்பாதை ஆக்கிடுவாங்க, போற வண்டி கம்பத்துல இருந்து கம்பம்மெட்டு வழியா ஏறணும், வர்ற வண்டி குமுளி வழியா இறங்கணும். சரியா மறுநாள் 15-ந் தேதி பென்னிகுயிக் பிறந்தநாள். அவர் பொறந்தது 1841-ல. லோயர் கேம்ப்ல 2013-ல மணிமண்டபம் கட்டித் திறந்தாங்க, அங்க விவசாயிங்க பொங்கல் வச்சுக் கும்பிடுவாங்க, கட்சிக்காரங்க மாலையோட வரிசையா வருவாங்க, கொட்டு மேளம் எல்லாம் உண்டு. பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அவசரமா அந்தப் பக்கம் போறவனுக்கு அது தலைவலி. ஒரு வருசம் நான் லோயர் கேம்புக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி ஒண்ணே கால் மணி நேரம் நின்னேன், எனக்கு முன்னாடி நின்ன வேன்ல இருந்த ஒரு பாட்டி இறங்கி ரோட்டோரம் பாய் விரிச்சு வெத்தலை போட்டு முடிச்சிட்டு மறுபடி ஏறுனாங்க, வண்டி அப்பவும் நகரல.

அந்த மனுசனுக்கு ஏன் இப்படிப் பொங்கல் வைக்கிறாங்கன்னு கேட்டா, இந்தப் பந்தல் அம்புட்டுக்கும் தண்ணி அவர் கட்டுன முல்லைப் பெரியாறு அணையில இருந்துதான். 1895-ல அணை முடிஞ்சு, மேற்கால கேரளா பக்கம் ஓடிட்டு இருந்த ஆத்துத் தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பக்கம் திரும்புச்சு. அது இல்லாட்டி கம்பம் பள்ளத்தாக்கு இம்புட்டு பச்சையா இருக்காது.

மதுரையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

காலைல அஞ்சு மணிக்கு. ஆறுனு நினைச்சுக் கிளம்புனா ஏழு ஆயிடும், அது உங்களுக்கே தெரியும். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, அப்புறம் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். தேனி வரைக்கும் ஒரு எழுபத்தஞ்சு கிலோமீட்டர், அங்க இருந்து கம்பம் நாப்பது. ஆண்டிபட்டி கணவாய்ல ஜனவரி காலைல பனி நல்லா இறங்கும், லைட்டைப் போட்டுட்டு மெதுவாப் போங்க. எட்டு மணிக்கு உத்தமபாளையத்தைத் தாண்டிட்டீங்கன்னா அன்னிக்கு உங்க நாள்.

திரும்பறதுக்கு மூணு மணிக்கு மேல வச்சுக்காதீங்க. அஞ்சு மணிக்கு மேல தேனி டவுன்ல மாட்டுனா அப்புறம் வீடு வர ராத்திரி சாப்பாட்டு நேரம் ஆயிடும்.

கார் இல்ல, பஸ்ல போகலாமா? ட்ரெயின் இருக்காமே?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட்ல கம்பம், குமுளி பஸ் நிக்கும். சாதாரண நாள்லயே மூணு மணி நேரம் ஆகும். லீவு நாள்ல சீட்டு வேணும்னா விடியக்காலைல போங்க.

ட்ரெயின் தேனிக்கு 2022 மே மாசம் திரும்ப ஓட ஆரம்பிச்சது, மீட்டர் கேஜை எடுத்துட்டு அகலப்பாதை போட பன்னெண்டு வருசம் கிட்ட ஆச்சு. போடி வரைக்கும் 2023 ஜூன்ல போச்சு. ஆனா கம்பத்துக்குத் தண்டவாளமே கிடையாது, தேனியில இறங்கி பஸ் மாறணும். குழந்தைங்களுக்கு ட்ரெயின் காட்டணும்னா சரி, இல்லாட்டி நேரா பஸ்ஸே மேல்.

ஜனவரியில பழம் இருக்குமா? சீசன் எப்ப?

இது நல்ல கேள்வி, நிறைய பேரு கேக்காம வந்து ஏமாறுறது இதுலதான். மத்த ஊர்ல திராட்சை வருசத்துல குறிப்பிட்ட மாசம்தான் காய்க்கும். நாசிக்லலாம் ஒயின் திராட்சை வெட்டுறது ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ளதான். கம்பத்துல அப்படி இல்ல, வருசம் பூரா எங்கயாவது ஒரு பந்தல்ல பழம் இருந்துட்டே இருக்கும். காரணம் கவாத்து. கொடியை வெட்டி விட்டா நாலு மாசம் கிட்டத்துல பழம் வந்துடும், ஒவ்வொரு விவசாயியும் ஒவ்வொரு மாசம் கவாத்து பண்ணுறாரு. அதனால ஒரு தோட்டத்துல கொத்து கொத்தா கறுப்பாத் தொங்கும், வரப்புக்கு அந்தப்பக்கம் வெறும் குச்சியா மொட்டையா நிக்கும். போன வருசம் யாரோ எடுத்த போட்டோவைப் பாத்துட்டு அதே தோட்டத்தைத் தேடிப் போகாதீங்க, அது இப்ப மொட்டையா இருந்தாலும் இருக்கும். கம்பத்துல இறங்குனதும் டீக்கடையில "எங்கிட்டு வெட்டு நடக்குது"ன்னு கேளுங்க, சொல்லிடுவாங்க.

இன்னொண்ணு, டிசம்பர் கடைசியில மழை பேஞ்சிருந்தா பழுத்த பழம் வெடிச்சுடும். அந்த வருசம் மாமா போன்ல பேசுற தொனியிலயே தெரிஞ்சிடும். பொங்கல் அன்னிக்கு வெட்டு ஆளும் வரமாட்டாங்க, அதனால பழுத்ததை முன்னாடியே வெட்டி லோடு ஏத்திடுவாங்க. மிச்சம் தொங்குறதுதான் உங்களுக்கு.

எந்தத் தோட்டத்துக்குப் போறது? டிக்கெட் உண்டா?

கூடலூர் ரோட்லயும் சுருளிப்பட்டி போற வழியிலயும் ஆளுங்களை உள்ள விடுற தோட்டம் நிறைய இருக்கு. வாசல்ல ஜூஸ் கடை, ஜாம் பாட்டில், ஊறுகா, செடிக் கன்னு எல்லாம் வச்சிருப்பாங்க. தேக்கடிக்கு வர்ற மலையாளிங்க அப்படியே இறங்கி வருவாங்க, அதனால போர்டெல்லாம் மலையாளத்துலயும் இருக்கும். எங்க அண்ணன் மகன் மலையாளம் கொஞ்சம் படிப்பான், "முந்திரித்தோப்பு"ன்னு எழுதியிருக்குறதைப் படிச்சிட்டு "சித்தப்பா இங்க முந்திரிப்பருப்பு எங்க"ன்னு தேடிட்டு இருந்தான். அவங்களுக்கு முந்திரின்னா திராட்சை. நம்ம பழைய தமிழ்லயும் கொடிமுந்திரின்னா திராட்சைதான்னு அவனுக்குச் சொன்னேன், நம்பல.

சில இடத்துல உள்ள போக காசு கேப்பாங்க, சில இடத்துல ஏதாவது வாங்குனா போதும்பாங்க, முதல்லயே கேட்டுக்கங்க.

ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். அந்த மாதிரி இல்லாத, ரோட்ல இருந்து பாத்தா அழகா இருக்குற பந்தலுக்குள்ள வேலியைத் தாண்டி போயிடாதீங்க. அது பார்க் இல்ல, ஒருத்தரோட வயல். பாதித் தோட்டத்தை வியாபாரி ஏற்கெனவே விலை பேசி முடிச்சிருப்பாரு, நீங்க ஒரு கொத்தை இழுத்தா அதுக்கு மாமா மாதிரி ஆளுதான் பதில் சொல்லணும். போன தடவை ஒரு பொண்ணு ரீல்ஸ் எடுக்குறேன்னு கொடியைப் பிடிச்சுத் தொங்குச்சு. பந்தல்ன்றது கல்தூண் நட்டு கம்பி இழுத்து மேல கொடியைப் படர விட்டிருக்கறது, ஒரு கம்பி தளர்ந்தா அந்த வரிசையே சாயும். மாமா ஒண்ணும் திட்டல, "தாயி, அது ஊஞ்சல் இல்லம்மா"ன்னு மட்டும் சொன்னாரு. உள்ள ஆளு இருந்தா "அண்ணே, பாத்துக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, முக்கால்வாசி பேரு வேணாம்னு சொல்லமாட்டாங்க, கையில ஒரு கொத்து குடுத்தும் விடுவாங்க.

பறிச்சு அப்படியே வாயில போடலாமா?

வேணாம். திராட்சைக்கு மருந்து அடிக்காம ஒண்ணும் நடக்காது. சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய்னு ரெண்டும் பனிக் காலத்துல விடாது. இலைல நீலமும் வெள்ளையுமா திட்டுத் திட்டா காஞ்சு இருக்கும் பாருங்க, அது போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது. பிரான்ஸ்ல போர்டோங்குற ஒயின் ஊர்ல கண்டுபிடிச்ச மருந்து, பேரும் அதான்.

ஆனா பழத்து மேல லேசா படிஞ்சிருக்குற வெள்ளைப் பூச்சு எல்லாமே மருந்துன்னு பயப்படாதீங்க. விரலால தேச்சா போற அந்த மாவு மாதிரி படலம் பழத்தோட சொந்த மெழுகு, அது இருந்தாத்தான் பழம் புதுசு. ரெண்டையும் பாத்துப் பிரிக்கிறது நமக்குக் கஷ்டம், அதனால பேசாம உப்புத் தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு, நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசிச் சாப்பிடுங்க. கேன்ல தண்ணி கொண்டு போயிடுங்க.

பன்னீர் திராட்சைன்னு ஏன் இவ்ளோ பேச்சு? கடையில கெடைக்குற கறுப்பு திராட்சைதானே?

ஏங்க, மதுரைக்காரங்க இதைக் கேக்கலாமா? வெளிநாட்ல மஸ்கட் ஹாம்பர்க்னு சொல்ற ரகம் அது. 1832-ல ஒரு பிரெஞ்சு பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார்னு சொல்லுவாங்க. தமிழ்நாட்டுல திராட்சை போட்டிருக்குற நிலத்துல கிட்டத்தட்ட 85 சதவீதம் இந்த ரகம்தான், கம்பம் பக்கம் பத்து ஊர்ல ரெண்டாயிரம் ஏக்கர் கிட்ட இருக்கு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடும் கெடைச்சது.

கொட்டை இருக்கும், தோல் கொஞ்சம் கெட்டி, சீட்லெஸ் சாப்பிட்டுப் பழகுன பிள்ளைங்க மூஞ்சைச் சுளிக்கும். ஆனா ஒரு பழத்தை ரெண்டு விரலால அமுக்குனா உள்ள இருக்குற சதை வழுக்கிட்டு வாய்க்குள்ள போகும், தோல் விரல்லயே நிக்கும், அப்ப வர்ற வாசனை இருக்கே, ரோஜாத் தண்ணி தெளிச்ச மாதிரி, பேரே அதுலதான் வந்துச்சு. சீட்லெஸ்தான் வேணும்னா சின்னமனூர் பக்கம் ஓடைப்பட்டி.

ஒயின் கெடைக்குமா? டேஸ்டிங் எல்லாம் உண்டா?

போன்ல குரலைக் கம்மி பண்ணிக் கேக்குற கேள்வி இதான். சத்தமாவே சொல்றேன்: நாசிக், பெங்களூர் மாதிரி நினைச்சிட்டு வராதீங்க.

நாசிக்ல சுலா மாதிரி இடத்துல தோட்டத்தைச் சுத்திக் காட்டி, தொட்டி, பீப்பாய் எல்லாம் விளக்கி, அஞ்சாறு கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் குடுப்பாங்க. நந்தி மலை பக்கம் குரோவர்லயும் அப்படித்தான். நான் ஒரு தடவை ஆபீஸ் பயலுகளோட நாசிக் போயிருக்கேன், ஜனவரி 26 லாங் வீக்கெண்ட். ரெண்டு நாள் பயணம் பண்ணிப் போய் இறங்குன அன்னிக்கு ட்ரை டே! குடியரசு தினத்துக்கு அங்க ஒரு சொட்டு ஊத்தமாட்டாங்க. திராட்சையைப் பாத்துட்டு பீட்சா சாப்பிட்டுட்டு ரூமுக்கு வந்தோம். மறுநாள் போனா பார்க்கிங்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி, டேஸ்டிங்குக்கு க்யூ. அங்க போறதா இருந்தா முன்கூட்டியே ஆன்லைன்ல புக் பண்ணுங்க, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 மூணையும் தவிருங்க, ஒயினுக்கு 21 வயசு ஆகியிருக்கணும், ஐடி எடுத்துட்டுப் போங்க. குடிக்காத ஒருத்தனை டிரைவரா கூட்டிட்டுப் போங்க, அவனுக்கு சாப்பாடு நீங்க வாங்கிக் குடுங்க.

நம்ம பக்கம் கதை வேற. கம்பம் பள்ளத்தாக்குலயும் ஒயின் தயாரிக்கிற ஆலை உண்டு, ஆனா தோட்டத்துல உக்காந்து டேஸ்ட் பண்ற பழக்கமே இங்க கிடையாது, தமிழ்நாட்டுல பாட்டில்னா டாஸ்மாக்தான். அதுவும் மாட்டுப் பொங்கல் அன்னிக்கு திருவள்ளுவர் தினம், கடை அடைப்பு. தோட்டத்துல "ஒயின்"னு யாராவது ரகசியமா பாட்டில் நீட்டுனா வாங்காதீங்க, லைசென்ஸ் இல்லாம செஞ்சு விக்கிறது சட்டப்படி குத்தம், அதுல என்ன கலந்திருக்குன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். குமுளி தாண்டிப் போய் வாங்கிட்டு செக்போஸ்ட் வழியா வர்ற ஐடியாவும் வேணாம், லீவு நாள்ல டிக்கியைத் திறக்கச் சொல்லுவாங்க.

ஜூஸ் குடிங்க. கண்ணு முன்னாடி பழத்தைப் போட்டு அடிக்கிறாங்களான்னு மட்டும் பாருங்க. ஏற்கெனவே ஜாடியில செக்கச்செவேல்னு கலந்து வச்சிருந்தா அடுத்த கடை.

ஒரே நாள்ல தோட்டம், சுருளி, தேக்கடி, மேகமலை எல்லாம் முடியுமா?

முடியாது. லீவு இல்லாத நாள்லயே முடியாது.

தோட்டம் கூட சுருளி மட்டும் போகலாம், கம்பத்துல இருந்து பத்து கிலோமீட்டர்தான். அதுவும் வனத்துறை அருவிக்கு விடுறாங்களான்னு கேட்டுட்டுப் போங்க, யானை வந்தாலோ தண்ணி கூடுனாலோ அடைச்சிடுவாங்க. யானைன்னா சும்மா சொல்லல, 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ளயே புகுந்து ஓடுச்சு, 144 போட்டாங்க, அப்புறம் சுருளி பக்கம் சுத்திட்டு இருந்து ஜூன்லதான் பிடிச்சு களக்காடு பக்கம் காட்டுல விட்டாங்க. அக்கா வீட்ல அந்த ஒரு வாரம் யாரும் ராத்திரி மோட்டார் போடக்கூட தோட்டத்துக்குப் போகல. தை அமாவாசை லீவோட ஒட்டி வந்தா சுருளியை மறந்துடுங்க, தர்ப்பணம் குடுக்க வர்ற கூட்டத்துல கால் வைக்க இடம் இருக்காது.

மேகமலைக்கு சின்னமனூர்ல இருந்து ஏறணும், வளைவு வளைவா போகும், இருட்டுறதுக்குள்ள செக்போஸ்ட்டைத் தாண்டி இறங்கிடணும். அதுக்குத் தனி நாள்.

சாப்பாடு?

பொங்கல் அன்னிக்கு பாதி ஹோட்டல் பூட்டியிருக்கும். புளியோதரையும் உருளைக்கிழங்கும் கட்டிட்டுப் போங்க. பாத்ரூமுக்கு தேனியிலயே பெட்ரோல் பங்க்ல நிறுத்திடுங்க, முக்கியமா பொம்பளைங்க.

வயசானவங்க, கைக்குழந்தை வரலாமா?

தாராளமா. பந்தலுக்குக் கீழ நிழல்தான், வெயிலே தெரியாது. தண்ணி பாய்ச்சுன மறுநாள்னா சேறு, ஹீல்ஸ் வேணாம். உயரமானவங்க குனிஞ்சே நடங்க, பந்தல் ஆறடிதான், எங்க மச்சான் ஒருத்தன் மூணு தடவை கம்பியில இடிச்சுக்கிட்டான். பழுத்த இடத்துல குளவி சுத்தும், குழந்தை கையில ஜூஸ் பிசுபிசுப்பு இருந்தா உடனே கழுவி விடுங்க.

எவ்வளவு வாங்கலாம், எப்படிக் கொண்டு வர்றது?

மாட்டுத்தாவணி பழ மார்க்கெட்டை விட தோட்டத்துல விலை கம்மிதான், ஆனா லீவு நாள்ல ரோட்டோரக் கடைக்காரர் மார்க்கெட் விலையவே சொல்லுவாரு. நாலு கடை கேளுங்க. தராசு பாருங்க, ஒரு கடையில நான் அஞ்சு கிலோன்னு வாங்குனது வீட்ல நாலே கால்தான் இருந்துச்சு.

காம்பைப் பாருங்க. பச்சையா இருந்தா இன்னிக்கு வெட்டுனது. கொத்தைத் தூக்கி லேசா உதறுங்க, பழம் கொட்டுனா பழசு.

இனி என் அனுபவம். முதல் வருசம் ஆசையில பன்னெண்டு கிலோ வாங்கி, ரெண்டு பெரிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி டிக்கியில போட்டு, மேல அக்கா குடுத்த தேங்காயும் வாழைத்தாரும் வச்சிட்டோம். உசிலம்பட்டி கிட்ட ஒரு வாசனை வந்துச்சு, யாரோ சென்ட் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தா கறுஞ்சிவப்பா குளம் கட்டி நிக்குது, ஸ்டெப்னி டயர் அதுல மிதக்காத குறை. ஒரு மாசம் வண்டியில ஈ போகல. இப்பல்லாம் வீட்ல இருந்தே ரெண்டு பிளாஸ்டிக் ட்ரே கொண்டு போறேன், அடியில நியூஸ்பேப்பர், ஒரே அடுக்கு, மேல ஒண்ணும் வைக்கிறது இல்ல, டிக்கியில போடாம பின் சீட்டுக்குக் கீழ ஏசி படுற மாதிரி வைக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் கழுவிடாதீங்க, ஈரம் பட்டா ஒரே நாள்ல பூஞ்சை. கழுவாம ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு சாப்பிடும்போது எடுத்துக் கழுவுங்க. நாலு பேரு இருக்குற வீட்டுக்கு நாலு கிலோ தாராளம்.

கொடி வாங்கிட்டு வந்து மதுரையில வீட்ல வைக்கலாமா?

வைக்கலாம். தோட்டத்து வாசல்ல கன்னு விப்பாங்க, கவாத்து நடக்குற நேரம் போனா வெட்டிப் போட்ட குச்சியைச் சும்மாவே குடுப்பாங்க, விரல் தண்டி குச்சியா நாலு கணு இருக்குற மாதிரி எடுத்து ஈரச் சாக்குல சுத்திக் கொண்டு வந்து நடணும். எங்கம்மா அப்படி வச்ச கொடி இப்ப மாடி வரைக்கும் ஏறி துணி காயப்போடுற கம்பியைப் பிடிச்சிடுச்சு. ரெண்டாவது வருசம் காய்ச்சது. நாகமலை வெயிலுக்கோ என்னவோ கொஞ்சம் புளிப்பு, ஆனா அணிலுக்கு அது ஒரு பொருட்டே இல்ல, நாங்க எண்ணி வச்சிருந்த ஏழு கொத்துல ஆறு அதுக்குத்தான் போச்சு.